முழங்கை ஆழம்

போன மாதம் வரை மாடிப்படி துடைத்தேன்.
தேசிங்கு அண்ணன் ஒரகடம் கம்பெனிக்குப் போய்விட்டதால்
வலைக்கம்பு, அரை டிரம் குளோரின்,
பம்ப் ரூம் சாவி, ஒரு சின்ன டப்பாவில் இரண்டு மருந்துப்புட்டி
எல்லாம் என் தலையில் வந்தன.
"தண்ணிதானே எப்சிபா, பாத்துக்கோ" என்றார் செகரெட்டரி.

தண்ணிதான்.
மூன்று நாள் முகம் கொடுக்காவிட்டால்
பச்சையாய்ப் படுத்துவிடுகிற தண்ணி.

அண்ணன் போனில் சொல்லச் சொல்ல
பால் கவரின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன்:
காலையில் முதலில் வலை.
எண்ணூர்ப் பக்கம் காற்று திரும்பியிருந்தால்
மேலே சாம்பல் ஏடு கட்டியிருக்கும்,
அது வலைக்கு அகப்படாது.
ஓரச் சுவரைப் பிரஷ் போட்டுத் தேய்,
மிச்சத்தைப் பம்ப் இழுத்துக்கொள்ளும்.
பம்ப் எட்டு மணி நேரம் ஓடணும்.
கரண்ட் பில் என்று முனகுவார்கள்.
முனகட்டும்.

சோதனைக்கு மேலாக மொள்ளாதே.
முழங்கை வரை கையை விட்டு
அடியிலிருந்து எடு.
இந்தப் பக்கம் ஐந்து சொட்டு, அந்தப் பக்கம் ஐந்து.
இங்கே எலுமிச்சைச் சாறு நிறம் வந்தால் சரி,
ஒன்றுமே வரவில்லையா, குளோரின் செத்துப்போச்சு.
அங்கே ரோஸ்மில்க் மாதிரி வந்தால் ஆசிட் கொஞ்சம்,
மஞ்சளாய் வெளுத்தால் சோடா கொஞ்சம்.
கொஞ்சம்னா எவ்வளவு அண்ணே?
"கம்மியா போடு. நாளைக்கும் தண்ணி
அங்கயேதான இருக்கும்?"

இரண்டு தரம் சொன்னது ஒன்றுதான்:
தண்ணியில் மருந்தை ஊற்று,
மருந்தில் தண்ணியை ஊற்றாதே,
முகத்துக்கே வரும்.

ஏழாவது மாடி சுராணா மேடம்
சிவந்த கண்ணோடு வந்தார். "குளோரின் ஜாஸ்தி."
ஜாஸ்தி இல்லை மேடம், பத்தலை.
பிள்ளைகள் உள்ளேயே மூத்திரம் போக
குளோரின் அதோடு மல்லுக்கட்டித்தான் இந்த நாற்றம்.
இதை எந்த வாயால் சொல்வது?
"பாக்கறேன் மேடம்" என்று சொல்லிவிட்டு
வெயில் இறங்கியதும் இரட்டை அளவு போட்டேன்.
மறுநாள் மஞ்சள் தெளியும் வரை கேட்டைத் திறக்கவில்லை.
வாசனையே இல்லை.
"கொறச்சிட்டியா, குட்" என்றார்.

வியாழக்கிழமை பேக்வாஷ்.
வால்வைத் திருப்பினால்
கண்ணாடிக் குழாயில் பழுப்பு புரண்டு வரும்,
தெளிய மூன்று நிமிடம்.
கடிகாரம் இல்லாததால் குடக் கணக்கில் எண்ணினேன்.
சாக்கடைக்குள் ஒரு குடம், இரண்டு குடம்.
எழுபத்தெட்டு வந்தது.
அதற்கப்புறம் எண்ணுவதில்லை.
செகரெட்டரியிடம் ஒரு கடிகாரம் கேட்டு வாங்கிவிட்டேன்.

கொருக்குப்பேட்டையில் ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்
எங்கள் சந்து. லாரி வந்தால் சிண்டெக்ஸ் நிறையும்.
ஒரு ஞாயிற்றுக்கிழமை சோதனை டப்பாவைச்
சாப்பாட்டுக் கூடையில் போட்டுக் கொண்டுவந்தேன்.
முழங்கை விட எங்கள் குடத்தில் இடமில்லை,
டம்ளரில் மொண்டேன். ஐந்து சொட்டு.
குலுக்கினேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன்.
வெறும் தண்ணி.
எதிர்வீட்டு ஜரீனா எட்டிப்பார்த்து
"இன்னாக்கா, சக்கரை டெஸ்டா?" என்றாள்.
"ஆமா."
"இருக்கா?"
"ஒண்ணும் இல்ல."
அன்றைக்கு இரண்டு கொதி விட்டு இறக்கினேன்.
கேஸ் தீரப்போகிறது என்று மறுநாள் ஒரு கொதிதான்.

குளத்தங்கரையில் பலகை, பத்து விதிகள்.
எட்டாவது:
பணியாளர்கள் இறங்கக் கூடாது.
அதைத் துடைப்பதும் நான்தான்.
முழங்கையைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

காலை ஐந்தே முக்கால்.
துறைமுகம் போகிற கன்டெய்னர் லாரிகள் இன்னும் அடங்கவில்லை.
வளையலைக் கழற்றிப் படியில் வைத்துவிட்டு
குப்புறப் படுத்துக் கையை விடுகிறேன்.
சோதனைக்கு ஒரு தரம் மொண்டால் போதும்.
மூன்று தரம் மொள்கிறேன்.