திருத்தம்

ஞாயிறுதோறும் எட்டுப் பக்கம், விலை கிடையாது.
பெயர் ‘வட்டாரத் தூதன்’.
தூதனுக்கு இரண்டு சைக்கிள், ஒன்று எப்போதும் பஞ்சர்.
ஆசிரியர், வெளியீட்டாளர், கட்டுக் கட்டுகிறவர்
மூன்று பேரும் கஜபதி.
புரூஃப் பார்க்க நான்.
நூற்றிருபது ரூபாய் சம்பளம்;
மாதக் கடைசியில் அதில் பாதி.

அவரைப் பெரிய மனிதராக்க எனக்கு விருப்பமில்லை.
கவுன்சிலர் வீட்டுக் காதுகுத்து
முதல் பக்கத்தில் வந்தது.
பட்டாளம் பாத்திரக் கடையின் கள்ளத் தராசு
எந்தப் பக்கத்திலும் வரவில்லை;
கடைசிப் பக்கம் முழுக்க அந்தக் கடைக் குத்துவிளக்கு.
கேட்டேன்.
“விளக்க அணைச்சா நமக்குத்தாம்மா இருட்டு.”
கேட்டதோடு சரி.
நானும்தான் சம்பளம் வாங்கினேன்.

ஆனால் குழாய் என்றால் ஆளுக்குப் பித்து.
எந்தத் தெருவில் எத்தனை நாள் தண்ணீர் இல்லை,
வீட்டுக்கு எத்தனை குடம்,
லாரி ஏன் வரவில்லை, டிரைவர் சொன்ன சாக்கு என்ன,
ஒன்பது வருஷம்
மூன்றாம் பக்கம், இடது பத்தி.
வாசகர்கள் கொட்டாவி விட்டார்கள்.
மெட்ரோ வாட்டர் ஆபீசில் அதில் வடை மடித்தார்கள்.

எண்பத்தாறு அக்டோபர்.
காளவாய்ச் சந்து, பதினோரு நாள், சொட்டுத் தண்ணீர் இல்லை.
எனக்கு அன்று காய்ச்சல்.
ஒரு ‘ள’ என் கண்ணுக்குத் தப்பி
காவாய்ச் சந்து ஆகி
ஆயிரத்து இருநூறு பிரதி ஊருக்குள் போய்விட்டது.

சந்திலிருந்து ஒருத்தரும் வந்து கேட்கவில்லை.
“இதுக்குப் போய் திருத்தமா சார்?”
பதில் சொல்லாமல்
மூல பௌத்திர வைத்தியரின் விளம்பரத்தைப் பிடுங்கி
அந்த இடத்தில் எழுத்துக் கோக்கச் சொன்னார்.
வைத்தியர் அப்புறம் விளம்பரமே தரவில்லை.
அந்த மாதம் எனக்குப் பாதியும் இல்லை.

போன வாரம் உயர் நீதிமன்றம்.
நீர்நிலைப் புறம்போக்கு என்று
நாற்பத்து மூன்று கதவில் நோட்டீஸ்,
பெரும்பாக்கத்தில் எட்டாவது மாடிக்கு டோக்கன்.
கரையான் தின்றது போக என் பரணில் கிடந்த பைண்டை
வக்கீல் ஹசீனா மேசைமேல் வைத்தாள்.
அரசு வக்கீல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார்:
“காவாய்ச் சந்து. அவங்க பேப்பரே சொல்லுது.
கால்வாய்ல கட்டினதுக்கு வேற சாட்சி எதுக்கு?”

முப்பத்தெட்டு வருஷம் கழித்து
எனக்கு அதே காய்ச்சல்.

ஹசீனா அடுத்த இதழைப் புரட்டினாள்.

*சென்ற இதழில் காவாய்ச் சந்து என வந்தது பிழை.
காளவாய்ச் சந்து என்பதே சரி.
முன்பு சுண்ணாம்புக் காளவாய் இருந்த மேட்டு நிலம்.
கால்வாய் அங்கிருந்து அரை மைல்.*

நீதிபதி இரண்டு தரம் படித்தார்.
மூன்று வாரம் தள்ளிவைத்தார்.
வெளியே வராந்தாவில் சந்துக்காரர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு
“ஜெயிச்சமாக்கா?” என்றார்கள்.
எனக்கெப்படித் தெரியும்.

திரும்பும் பஸ்ஸில்
நகலை மடியில் விரித்து
பழைய பழக்கம், மூடிய பேனா முனையால்
ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுக்கொண்டே வந்தேன்.
கடைசி வரியில் நின்றது.

*தவறுக்கு வருத்துகிறோம்.*

‘ந்’ நிற்கவேண்டிய இடத்தில் ‘த்’.
இதையும் நான்தான் பார்த்து விட்டிருக்கிறேன்.
கஜபதி கண்ணில் பட்டிருந்தால்
அடுத்த வாரம்
அந்தக் குத்துவிளக்கையாவது பிடுங்கியிருப்பார்.