கட்டிக் கிடந்த நாள்

மூன்றாம் நாளும் மழை. காரைக்கால் துறைமுகத்தில்
யூரியாக் கப்பலின் வாயை மூடிவிட்டார்கள்.
மூட்டை எண்ணுகிறவள் நான்; எண்ண மூட்டையில்லை.
ரசீதுப் புத்தகத்தின் பின்னட்டையில்
சொற்களை எழுதிக்கொண்டிருந்தேன்.

சரக்கு: பகலில் கப்பலில் வருவது,
இருட்டினால் வாஞ்சூர்க் கடைகளில் விற்பது.
படி: அளக்க ஒன்று, ஏற ஒன்று,
பஞ்சத்துக்கென்று சம்பளத்தில் ஒன்று.
அந்த மூன்றாவது
எங்கள் மேஸ்திரி படித்ததில் இல்லை.

"கப்பல்காரனுக்கு நட்டந்தானம்மா?"
தலைத்துண்டைப் பிழிந்தபடி கேட்டார் பக்கிரிசாமி.

இல்லை என்றேன்.
இறக்க வேண்டிய கெடு நேற்றே தாண்டிவிட்டது.
இனி மழையோ வெயிலோ
கட்டிக் கிடக்கும் ஒவ்வொரு மணிக்கும்
கப்பலுக்குக் காசு. டாலரில்.
டெமரேஜ் என்று பெயர்.

அவர் வாய்க்குள் அதை ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.
சரியாக வரவில்லை.

"விடியக்காலம் நாலு மணிலேர்ந்து
நானுந்தான் கட்டிக் கெடக்கேன்.
இதுக்கு என்னம்மா பேரு?"

பேனாவை உதறினேன், மை இருந்தும்.

வருகைப் பதிவேட்டில்
அவர் பெயருக்கு நேரே, இன்றைய கட்டத்தில்,
காலையிலேயே ஒரு சின்னக் கோடு
போட்டு வைத்திருந்தேன்.