சராசரி

லாரிக்காரர் தன் போனில்
என் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு
எடைமேடைக் கூண்டின் சன்னலில் நீட்டினார்.
"இன்னா சார், இங்க வெறும் கோடு போட்டுக்கீறான்?"

யே. அருமைநாதன். வலக்கை மிதவேகம்.
முதல்தர ஆட்டம் ஒன்று. ஓவர் ஒன்பது.
மெய்டன் மூன்று. ரன் பதினாலு.
விக்கெட் பூஜ்யம்.
சராசரி என்ற கட்டத்தில்
சின்னதாய் ஒரு கோடு.

பூஜ்யத்தால் வகுக்க முடியாது என்றேன்.
அவருக்குத் துறைமுகத்தில் வரிசை பிடிக்கிற அவசரம்.

ஒன்பது ஓவருக்கு முன்னால்
பதினோரு வருஷம் இருந்தது.
தண்டையார்பேட்டை உப்புக் கிடங்குச் சுவரில்
கரியால் இழுத்த மூன்று கோடுகள்.
நடுக்கோட்டில் மட்டும் காரை பெயர்ந்திருக்கும்.
ஓடிவர இடம் போதாது.
எதிர்ச்சாரியில் தொடங்கி
ரோட்டைக் குறுக்கே கடந்து,
கன்டெய்னர் வண்டிகள் ஓயும் இடைவெளியில் வீசினேன்.
"தாவுமுன் இடப்பக்கம் திரும்பிப் பார்க்கிறான்,
காரணம் விளங்கவில்லை" என்று
செலக்டர் ஒருவர் எழுதி வைத்தாராம்.

உரக் கம்பெனி வேலை கொடுத்தது, பந்து வீச.
சம்பளப் பட்டியலில் கிளார்க்.
வாரம் முழுக்கச் சீட்டு எழுதி
சனி, ஞாயிறு லீக்.
வலது ஷூவின் மூக்கு தரையில் இழுபட்டுத் தேய,
மூலக்கொத்தளத்தில் டயர்த் துண்டு வைத்துத் தைத்தேன்.
ஒவ்வொரு பந்துக்கும் அது கீச்சென்றது.

அந்த ஆட்டத்தில்
இரண்டு நாளை மழை தின்றுவிட்டது.
மூன்றாம் நாள், ஒன்பதாவது ஓவர், நாலாவது பந்து
உள்ளே வருவதுபோல் வந்து
வெளியே நகர்ந்து
விளிம்பைத் தொட்டது.
செதில் கிள்ளுகிற சத்தம்.
காசிமேட்டுக்காரன் காதுக்கு அது தப்பாது.

இரண்டாவது ஸ்லிப்பில் பிரகலாதன்
கை குவித்துத்தான் நின்றான்.
பந்து உள்ளே போனது,
கொஞ்சம் யோசித்தது,
வெளியே வந்தது.

பிடித்திருந்தால் சராசரி பதினாலு.
அதைவிட நல்ல சராசரி
எத்தனை பேருக்கு இருக்கும், சொல்லுங்கள்.

அவன் கல்யாணத்துக்குப் போனேன்.
மொய் நூற்றுப் பதினாலு என்றேன்.
எழுதுகிறவர் நிமிர்ந்து பார்த்தார்.
"நூத்தியொண்ணா?"
இல்லை, பதினாலு.
மேடையில் பிரகலாதன் என் கையை
இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.
விடவே இல்லை.

டீமைக் கலைத்த பிறகு
மணலி எடைமேடையில் உட்கார வைத்தார்கள்.
ஒவ்வொரு வண்டி ஏறுமுன்னும்
திரையில் பூஜ்யம் வரக் காத்திருக்க வேண்டும்.
வராவிட்டால்
மேடையில் ஏதோ தங்கிவிட்டது என்று அர்த்தம்:
கல், சேறு,
சில சமயம் வெயில் காயும் நாய்.
இறங்கிப் போய் விரட்டுவேன்.
போகுமுன் ஒருமுறை
இடப்பக்கம் பார்த்துக்கொள்வேன்.