மரம் வைத்தவர்

பாசல் நகரம். ரைன் ஆற்றங்கரை ஆய்வுக்கூடம்.
நான்காம் மாடி, இரவு பதினொன்று பத்து.
இன்குபேட்டருக்குள் முப்பத்தேழு பாகை.
வெளியே மைனஸ் ஆறு.

கண்ணாடித் தட்டில் துடிக்கிறது
அரிசிமணி அளவு சதை.
மூளை இல்லை, வாய் இல்லை.
ஒட்டிய சீட்டில் 7பி-19.

மார்ச்சில் முதல் துடிப்பு வந்த அன்று
டாக்டர் ரெட்டோ அம்ஷ்டுட்ஸ் அழுதார்.
கையுறையோடு கண்ணைத் துடைத்து
ஐயோ, விதிமீறல் என்று கழற்றி எறிந்தார்.
காகிதக் கோப்பைகளில் ஷாம்பெயின்,
குப்பி கழுவும் எனக்கும் ஒன்று.
"ஓர் இதயத்தைத் தொடங்கிவிட்டேன், வாகீசன்!"
தொடங்கிவிட்டேன் என்ற சொல்லை
அன்று நான் கவனிக்கவில்லை.

அக்டோபரில் நிதி நின்றது.
அவருக்கு வேறு ஊரில் பெரிய நாற்காலி.
ஜன்னலோரக் கள்ளிச்செடியை
பழைய துண்டில் சுற்றி, மடியில் வைத்து எடுத்துப்போனார்.
எனக்கு ஒரு மின்னஞ்சல்:
மீதமுள்ளவற்றை அகற்றவும். நன்றி.

மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்பார்கள்.
வைத்தவர் ரயிலேறிவிட்டார்.
குடம் என் இடுப்பில்.

விதிப்படி: ப்ளீச், பத்து நிமிடம், தொட்டி.
விதிக்கு வெளியே: இரண்டு நாளுக்கொருமுறை
சிவந்த ஊட்டத் திரவத்தை மாற்றவேண்டும்.
மூன்று வாரமாக
நான் விதிக்கு வெளியே நிற்கிறேன்.

ஒரு ஞாயிறு அவரை அழைத்தேன்.
பின்னால் குழந்தைகளின் கூச்சல், பனியில் எதுவோ சறுக்கும் சத்தம்.
"அதற்கு வலி தெரியாது."
சரி.
"தான் இருப்பதே தெரியாது."
சரி.
"பிறகென்ன?"
அதற்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியுமே
என்பதை ஜெர்மனில் அடுக்கப் பார்த்தேன்.
தமிழைப்போல அங்கேயும்
வினை கடைசியில் வந்து உட்காரும் வாக்கியங்கள் உண்டு.
என் வினை வருவதற்குள்
இணைப்பு போய்விட்டது.

அவரைப் பூதம் என்று சொல்லமாட்டேன்.
என் மகளுக்குத் தன் பழைய நுண்ணோக்கியைக் கொடுத்தவர்.
நல்லவர்கள்தான்
கதவைச் சத்தமில்லாமல் சாத்தப் பழகியிருக்கிறார்கள்.

இந்த நாட்டில் முதல் ஆறு வருடம்
நானும் ஒரு கோப்பு எண்தான்.
ஆனால் ஒப்பிடமாட்டேன், அது மலிவு.
எனக்கு வாய் இருந்தது. மனு எழுதினேன்.
திரும்பத் திரும்ப எழுதினேன்.

திங்கள் காலை புது ஆட்கள் பெட்டி கேட்கிறார்கள்.

ஊற்றினேன்.
நாற்பது வினாடி எண்ணினேன்,
முப்பத்தொன்றுக்குப் பிறகு
எண்ணுவதற்கு எதுவும் இல்லை.

பதிவேட்டில், 'உருவாக்கியவர்' கட்டத்தில்
அவருடைய அழகான கையெழுத்து.
'அகற்றியவர்' கட்டத்தில் என் கிறுக்கல்.
இரண்டுக்கும் நடுவே
ஒரு கோடுதான், கட்டம் இல்லை.
பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம்
அந்தக் கோட்டையே பார்த்தேன்.

கடைசி ட்ராம் பன்னிரண்டு ஏழுக்கு.
கை கழுவினேன், இரண்டு முறை.
பிறகு ஓடினேன்.