நீங்கலாக

பெரம்பூர் பேப்பர் மில்ஸ் ரோட்டில்
ஸ்டூடியோ ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.
ஆறு மாதமாக வாங்கிக்கொள்ளாத கல்யாணப் படங்களுக்கு
இன்றைக்குத்தான் போன் வந்தது, தேசிங்கு வீட்டிலிருந்து.
"பென்டிரைவ்ல போட்டுக் குடும்மா. எல்லாத்தையும் போடு.
எத்திராஜ் இருக்கிறது மட்டும் வேணாம். அழிச்சுடு."
எத்திராஜ், பெண்ணுக்குச் சித்தப்பா.
நடுவில் ஏதோ பத்திர ஆபீஸ் விவகாரம்.
நான் கேட்கவில்லை. அவரே சொல்லி, அவரே நிறுத்திக்கொண்டார்.

கறுப்புத் திரையில் ஒரு நட்சத்திரம் போட்டால் போதும்,
இரண்டாயிரத்து நூற்று நாற்பது படமும் வந்து நிற்கும்.
யார், எந்த வீடு என்று கேட்காமல்
இலை போடுகிற பந்தி அது.
உட்கார்ந்தவரில் ஒருவரை மட்டும் எழுப்பி அனுப்பத்தான்
இலக்கணம் தேவைப்படுகிறது.

அந்த வசதி தூங்கிக்கொண்டிருக்கும், முதலில் தட்டி எழுப்ப வேண்டும்.
பிறகு ஓர் ஆச்சரியக்குறி,
அடைப்புக்குள் வேண்டாதவர் பேர்.
பள்ளிக்கூடத்தில் வாக்கியம் முடிந்த பிறகு வந்த ஆச்சரியம்
இங்கே வாசலிலேயே நின்று
இல்லை என்கிறது.

ஆனால் அதற்கு முகம் தெரியாது.
பேர்தான் தெரியும்.
கேமரா வைத்த பேரோ வெறும் எண்.
ஆகவே எத்திராஜை நீக்க
எத்திராஜைத் தேடினேன்,
ஒவ்வொன்றாகப் பெரிதாக்கி,
கண்ட இடமெல்லாம் பேர் எழுதி.

ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றுகிறார்.
சாம்பார் வாளியோடு ஓடுகிறார், அவர் மட்டும் கலங்கலாக.
மழை தேங்கித் தொங்கும் ஷாமியானாவை
மூங்கிலால் தூக்கிப் பிடித்திருக்கிறார், வேட்டியெல்லாம் தண்ணீர்.
குரூப் போட்டோவில் கடைசி ஆள்,
பாதி சிரிப்பு.
மொத்தம் அறுபத்து மூன்று.
மயிலாப்பூர் என்றால் பல்லக்கில் ஏற்றியிருப்பார்கள்.

அந்தக் கல்யாணத்திலேயே
பேர் கிடைத்த ஒரே ஆள் அவர்தான்.
மணப்பெண் இன்னும் எண்ணாகவே இருக்கிறாள்.

!(*எத்திராஜ்*)

நகலெடுக்கும் முன் பட்டியலை மட்டும் காட்டச் சொன்னேன்,
தப்பாகப் போனால் திரும்பி வராது.
இரண்டாயிரத்து எழுபத்தேழு. சரிதான்.

அறுபத்து மூன்றையும் அழிக்கவில்லை.
ஒரு ஃபோல்டரில் போட்டு, பேருக்கு முன்னால் புள்ளி வைத்தேன்.
புள்ளியில் தொடங்குவது நட்சத்திரத்தின் கண்ணுக்குப் படாது.
நம் எழுத்திலும் புள்ளி வைத்தால்
உயிர் போய்
மெய் மட்டும் மிஞ்சுமே, அதுபோல.

பென்டிரைவ் விளக்கு மினுக்குகிறது.
ஆயிரத்து எண்ணூறு சொச்சத்தில் ஒரு படம்:
தாலி முடிகிற நேரம், இடது ஓரத்தில்
குத்துவிளக்கைக் காற்றிலிருந்து மறைத்தபடி ஒரு கை.
முழங்கையோடு சரி. முகம் இல்லை.
வாட்ச் கண்ணாடியில் விரிசல்.
யார் கை என்று எனக்குத் தெரியும்,
டீசல் கேனிலும் இதே வாட்ச்தான்.
பேர் எழுதாமல் விட்டேன்.

காலையில் தேசிங்கு வருவார்.
கூடப் பிறந்தவர்.
மணிக்கட்டு போதாதா அவருக்கு.