கடைசி வரி

வெண்டெல் விலையை வாயால் சொல்வதில்லை.
தாளில் எழுதிக் கவிழ்த்து
இரண்டு விரலால் என் பக்கம் தள்ளுகிறான்.

அறுபத்தோராயிரம் டாலர்.
மஞ்சள் போர்ஷே, போனட்டில் ஒரு கறுப்பு வரி.
முன்பு வைத்திருந்தவர் பல் மருத்துவராம்,
மழையில் எடுத்ததே இல்லையாம்.

பேரத்தில் காபி ஆறியது.
மேலாளரைக் கேட்டு வரப் போனான்.
கண்ணாடிக்கு அப்பால்
இருவரும் மீன் பிடித்த நீளத்தைக் கையால் காட்டிச் சிரிப்பது தெரிந்தது.
முகத்தைத் தொங்கப்போட்டுத் திரும்பினான்:
"ரெண்டாயிரம் குறைச்சாச்சு லோர்னா, என் வயித்துல அடிச்சு."

அதற்குக் கீழே
விற்பனை வரி. ஐயாயிரத்துச் சொச்சம்.

கொலம்பியா ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஒரிகனில்,
இது கிடையாதே என்றேன்.
பாலம் தாண்டினால் பத்து நிமிஷம்.

முதன்முறையாக உண்மையாகச் சிரித்தான்.
"தாராளமா வாங்கு.
வாஷிங்டன் நம்பர் பிளேட்டுக்கு இங்கேதானே வரணும்?
கவுண்டர்ல எங்க அக்கா மார்லிஸ் இருப்பா.
அவ ஒரு சென்ட்கூட விடமாட்டா."

கையெழுத்துப் போட்டேன்.
சாவியோடு வெளியே வந்தால் தூறல்.
வைப்பரைப் போட்டேன்;
கிறீச்சிட்டது.
ரப்பர் முழுக்கத் தேய்ந்திருந்தது.