விசிறியை நிறுத்திவிட்டு

கோலாலம்பூரிலிருந்து வந்த பையன்
பசியாறச் சொன்னேன், வேண்டாமென்றான்.
முதலில் கேட்டது காற்றைப் பற்றி.
"ஒன்பது பாட்டிலயும் வீசுதே ஆன்ட்டி,
எந்த பீச்சில ரெக்கார்ட் பண்ணீங்க?"

கேம்பல் ஸ்ட்ரீட்டில், அச்சகத்துக்கு மேல்,
சன்னலில் மெத்தையை ஆணியடித்த அறை.
மைக்கில் இரைகிறதென்று
விசிறியை நிறுத்தச் சொன்னார் கூய் ஹாக் செங்.
எண்பத்து நான்கு, மார்ச்.
சட்டையைக் கழற்றிப் பிழிந்துவிட்டுத்தான்
தென்றலை வாசித்தான் ஞானப்பிரகாசம்.

பட்டர்வொர்த்தில் வெல்டர் அவன்.
எண்ணெய்ப் பீப்பாயின் அடியை
ஐந்து மாதம் சுத்தியால் தட்டி
ஆறு சுரம் எடுத்திருந்தான்.
நிஷாதம் மட்டும் பிடிபடவில்லை.
"அந்த இடம் வரும்போது
நீ பாடிடு குணவதி" என்றான்.
அப்படித்தான் நான் பாடகியானேன்.

கரீபியன் எங்கள் அட்லஸில்
மடிப்பு விழுந்து கிழிந்த இடம்.
எங்களுக்குத் தெரிந்தது அதன் நடை மட்டும்:
முதல் தட்டை விழுங்கிவிட்டு
மூன்றில் காலை ஊன்றுவது,
ஆடும் படகிலிருந்து
ஜெட்டியில் இறங்குகிறவன் மாதிரி.

'கரையோரம் சும்மா' என்று பெயர் வைத்தோம்.
அட்டையில் நாங்கள் சாய்ந்திருக்கும் தென்னை
பத்து ஃபெரிங்கி ஹோட்டலுடையது,
காவலாளி விரட்டுவதற்குள் எடுத்த படம்.
வானொலியில் ஒரே ஒரு தடவை,
மரண அறிவித்தலுக்கும் வானிலைக்கும் நடுவே.
ஐந்நூறு கேசட்.
முந்நூற்று எண்பது
ஹாக் செங்கின் மாடிப்படிக்குக் கீழே
கறையான் கேட்டது.

இரண்டாவது ஆல்பத்துக்குள்
பீப்பாயில் ஏழாம் சுரத்தைக் கண்டுபிடித்துவிட்டான்.
சந்தோஷத்தில் இரவு பத்து மணிக்கு
எங்கள் வீட்டு வாசலில் வந்து தட்டிக் காட்டினான்.
நன்றாகத்தான் இருந்தது.
அதன்பிறகு யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

இப்போது ஜெலுத்தோங்கில்
பதினோராம் மாடி.
நிஜமான கடற்காற்று
கதவுகளை அறைகிறது, துணிகளைத் திருடுகிறது.
பையன் குரலை உயர்த்திப் பேசவேண்டியிருந்தது.
இசைத்தட்டாகப் போடப்போகிறார்களாம்,
இரைச்சலெல்லாம் சுத்தமாக நீக்கி.

போடு தம்பி.
ஒன்று மட்டும் சொல்கிறேன்.
கடைசிப் பாட்டு முடிந்தபின்
நாடா நாலு விநாடி சும்மா ஓடும்.
"டக்" என்று ஒரு சத்தம்,
பிறகு மெதுவாக ஒரு சுழற்சி.
ஒருத்தி "அப்பாடா" என்பாள்.

அதை எடுத்துவிடாதே.